ஜன்னல் வழியே போட்ட துண்டு

போதை மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை முன்கூட்டியே அடைத்துவிடும் மருந்துகளை வடிவமைப்பது என் வேலை. ஊரில் கேட்டால் குடிக்கு மருந்து கண்டுபிடிக்கிற பிள்ளை என்பார்கள். நான் கடைசியாகச் செய்த மருந்தைத் தின்ற எலிகள் சாராயத்தை மட்டுமா விட்டன, சோற்றையும் சேர்த்து விட்டன. அந்த லட்சணத்தோடுதான் போன மழைக்காலத்தில் எங்கள் மலைக் கிராமமான வாழவந்திக்கு வந்து இறங்கினேன்.

அண்ணன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். குடித்துவிட்டு ஒருமுறை சில்வர் ஓக் மரத்தில் மோதியிருந்தார். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேலை போகும். எங்கள் மலை வளைவுகளில் உயிரும் போகும். வந்த அன்றே அண்ணி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் காதைக் கடித்தார்.

"அவருக்குத் தெரியாம ரசத்துல கலந்துர்றேன் அம்மிணி. நீ மருந்த மட்டும் குடு."

இது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. எத்தனையோ வீட்டுக் குழம்பில் ஏதேதோ பொடி விழுந்திருக்கிறது. விஷயம் தெரிந்து வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, குடியை மட்டும் விடாத மகராசன்களும் உண்டு. நான் முடியாது என்றேன். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. இத்தனை படித்து என்ன பிரயோசனம் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன் ஜீப் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, கோயில் நோம்பிக் கூட்டத்துல சேலம் பஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஜன்னல்ல துண்டப் போட்டு சீட்டுப் புடிப்பேன்."

ஒரு மாத்திரையும் அதைத்தான் செய்யும் என்றேன். சரக்கு ஏறும், உட்கார இடமிருக்காது, வந்த வழியே இறங்கிப் போகும். ஆனால் தினமும் துண்டை நீங்களேதான் போட வேண்டும், வேறு யாரும் போட முடியாது என்றேன். அவர் கழுவிய சக்கரத்தையே திரும்பக் கழுவினார். அந்த வாரமே சேலத்து டாக்டரிடம் போகலாம் என்று அவராகவே கிளம்பினார். டாக்டர் ரத்தம் பரிசோதித்துவிட்டு, நான் பிறக்கும் முன்பே யாரோ உருவாக்கிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பிய பிறகு தினமும் காலையில் அண்ணனிடமிருந்து போன் வரும். "துண்டு போட்டாச்சு கண்ணு." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

இந்தக் கோடையில் சேர்வராயன் கோயில் திருவிழா அன்று போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. குடிக்கிற கூட்டாளிகள் எல்லோரும் கூடும் நாள் அது. ஆய்வகத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. சாயங்காலம்தான் அழைப்பு வந்தது.

"கோயல்ல டவரு கெடைக்கல சாமி. கூட்டாளிக குடிக்கச் சொல்லி நொம்ப வற்புறுத்துனாங்க. இது என்ர சீட்டு, துண்டு போட்டிருக்கறேன்னுட்டேன்."

போனை வைத்ததும் அழுதுவிட்டேன். அந்த மாத்திரையை வடிவமைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய எலிகளும் முதலில் சோற்றை விட்டிருக்கும். அவர் ஆய்வை விட்டுவிட்டுப் போகவில்லை. அதனால் என் அண்ணன் இருக்கிறார். அந்த முகம் தெரியாதவருக்கு எப்படி நன்றி சொல்வது? மறுநாள் காலை, எல்லோருக்கும் முன்னால் போய் ஆய்வகத்தைத் திறந்தேன்.