டாக்டரம்மா என்னிடம் சொன்னது

இட்லிப் பொட்டலத்தில் பேப்பர் இல்லை. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எனக்கு அது தலைப்பிரசவம். கை கால் வீங்கி, பிரஷர் ஏறி, கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். "அதிர்ச்சி எதுவும் கூடாது, வலிப்பு வந்துடும்" என்று டாக்டரம்மா சொன்னதை என் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் கடையிலிருந்து அவள்தான் இட்லி வாங்கி வருவாள். சுற்றி வந்த செய்தித்தாளைச் சட்னிக் கறை வரைக்கும் படித்துவிட்டுத்தான் நான் இட்லியில் கை வைப்பேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்யும் பழக்கம் அது. அன்று வாழை இலையில் மட்டும் மடித்த இட்லியை நீட்டினாள்.

"பேப்பர் எங்கம்மா?"

"ஈரமாயிடுச்சுடி. சாப்புடு."

என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாமே தப்பாக இருந்தது. என்னைக் கண்டாலே குறை சொல்லும் நாத்தனார் வந்து தலை வாரிவிட்டாள். நாள் தவறாமல் வரும் என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. "அறுவடை வேலை" என்றார்கள். அறுவடையில்தான் தகராறு என்பது எனக்குத் தெரியாதா? ஆட்சி மாறியும் எங்கள் பக்கத்து வயல்களில் சண்டை ஓயவில்லை. கூலி உயர்த்திக் கேட்டால் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள். மறித்தால் கம்பு வரும், பின்னாலேயே போலீஸ் வரும். இவர் கூலியாட்கள் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். செத்துப் போய்விட்டார், பேப்பரிலும் வந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இட்லியைத் தொடவில்லை. பிரஷர் பார்க்க வந்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. முந்தின நாளைவிட ஏறியிருந்தது. அம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

"சொல்லிடாதீங்கம்மா. புள்ள பொறக்கட்டும். இவ தாங்கமாட்டா."

டாக்டரம்மா திரும்பி வந்தார். நர்ஸை மருந்தோடு பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"உன் வீட்டுக்காரரைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிருக்காங்கம்மா. மண்டையில அடி. தையல் போட்டிருக்கு. உயிரோட இருக்காரு. விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"நெஜமாவா?"

"பொய் சொல்றதா இருந்தா நல்லதாவே சொல்லியிருப்பேனே."

ஓவென்று அழுதேன். அவர் கையை விடாமல் என்னை அழவிட்டார். அழுது முடித்ததும் எனக்குப் பசித்தது. ஆறிப்போன இட்லி அத்தனையையும் தின்றேன். மாலையில் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்தாலா, சொன்னதாலா என்று வைத்தியம் பேச எனக்குத் தெரியாது. நாத்தனார் பழையபடி குறை சொல்லத் தொடங்கினாள், அதுவே பெரிய நிம்மதி. ஜாமீனில் வந்த என் வீட்டுக்காரர், "என்னைக் கொன்னே போட்டுட்டியா?" என்று கேட்டுச் சிரித்ததெல்லாம் பிறகு.

மறுநாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

"மகாலட்சுமியாட்டம் இருக்கா. நீ கண்ண மூடிக்க தாயி" என்றாள் ஆயா. நல்ல மனசுக்காரி. ஆனால் நான் டாக்டரம்மாவைத்தான் பார்த்தேன்.

அவர் குழந்தையின் மேல் குனிந்தபடியே சொன்னார். "இன்னும் அழலம்மா. மூச்சு கொஞ்சமாத்தான் இருக்கு. பாத்துக்கிட்டிருக்கேன்."

அதைவிடப் பயங்கரமான பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் அலறாமல் படுத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை என்ற தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தவரை இன்றும் கும்பிடுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும், "அழுதுட்டாம்மா" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நான் அழுதேன்.