என் எதிர்க்கட்சிக்காரி யோகா அக்கா

போன மாதம் விட்பி நகரிலிருந்து யோகா அக்காவின் மகள் அழைத்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா காலமை எங்களை விட்டுப் போயிட்டா. முதல்ல உங்களுக்குத்தான் சொல்லச் சொன்னவ" என்றாள். சொந்தக் கட்சிக்காரரை விட்டுவிட்டு முதலில் எனக்கா! போகும்போதும் மனுசி என்னை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரிந்திருக்கும். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் ஒரு கட்சி, நான் மற்றது. முதல் தேர்தலில் நான் வாக்குக் கேட்டுத் தட்டிய கதவுக்கே அவரும் வந்து சேர்ந்தார். நான் நழுவப் பார்த்தேன். "எங்க ஓடுறீர்? சேர்ந்தே போவம். மற்றக் கட்சி பக்கத்தில நிண்டால் ஒருத்தரும் புளுக ஏலாது" என்றார்.

அதன்பிறகு எல்லாத் தேர்தலிலும் சேர்ந்தே போனோம். வாடகை குறையும் என்று நான் வாயெடுத்தால், "எப்பிடிக் குறையும் எண்டு சொல்லும் தம்பி" என்பார். அவர் பஸ் கட்டணத்தைப் பற்றி அளந்தால் நானும் விடமாட்டேன். கதவைத் திறந்தவர்கள் தலையைச் சொறிவார்கள். "அப்ப நாங்கள் ஆருக்குப் போடுறது?" என்பார்கள். "ரெண்டு பேரையும் கேள்வி கேளுங்கோ, பிறகு போடுங்கோ" என்பார் அக்கா.

ஒரு மண்டபக் கூட்டத்தில், தமிழர் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தால்தான் பலம் என்று ஒருவர் முழங்கினார். அவர் சொன்னது என் கட்சி; நான் கை வலிக்கத் தட்டினேன். அக்கா எழும்பினார். "எல்லா வாக்கும் உங்கட பொக்கற்றுக்குள்ள எண்டால் நீங்கள் ஏன் எங்கட வீட்டுக்கு வரப்போறியள்? மற்றவையும் ஏன் வரப்போகினம்?" என்றார். வெளியே வந்ததும், "ஏனக்கா உப்பிடிப் பிரிக்கிறியள்?" என்று எரிந்து விழுந்தேன். "ஊரில மாறிக் கதைக்கப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள். இஞ்சயும் பொத்தவோ?" என்றார்.

இப்போது மறுபடியும் தேர்தல். போன கிழமை தனியாகப் போனேன். புதிதாகக் குடிவந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். "உங்கட ஆக்கள் வந்தால் வாடகை குறையுமோ அங்கிள்?" என்றாள். "குறையும் பிள்ளை" என்றேன். மறுக்க ஒருவருமில்லை. "அப்ப என்ர வோட் உங்களுக்குத்தான்" என்று சிரித்துக் கதவைச் சாத்தினாள். வாக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் நான் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. ஐயோ, அந்த மனுசி ஒரேயொரு தடவை வந்து என்னோடு மல்லுக்கட்டமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

மறுபடியும் தட்டினேன். குறையும் என்பது எங்கள் எண்ணம், மற்றக் கட்சி வேறுவிதமாகச் சொல்கிறது என்று, அக்கா சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப நான் திரும்ப யோசிக்கவேணும் அங்கிள்."

"ஓம் பிள்ளை, யோசியும்" என்றேன்.