பேசின் என்று சொல்லாததால் போன சீட்டு

நெதர்லாந்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், கழிப்பறைச் சுவரில் ஒரு பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அப்படித்தானாம். பேரப்பிள்ளைகள், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று வேண்டியவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும். உட்காரும்போதெல்லாம் கண்ணில் பட்டால் மறக்காது என்பது அவர்கள் யோசனை. வீட்டுக்கார அம்மாள் மார்லீஸ் முதல் வாரமே பேனாவோடு வந்து, "உன் பிறந்தநாள் என்றைக்கு? டாய்லெட்டில் எழுதிவிடுகிறேன்" என்றார். நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். வயதை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இங்கே யாரும் வருடம் எழுதுவதில்லை" என்று சமாதானம் சொன்னார்.

வயதல்ல விஷயம். விருத்தாசலத்தில் என் அப்பா பீங்கான் யூனிட் வைத்திருக்கிறார். ஊரில் பொம்மை செய்கிறவர்கள் உண்டு, ஃப்யூஸ் கட்டை செய்கிறவர்கள் உண்டு. நாங்கள் செய்வது கக்கூஸ் பேசின். அந்தச் சொல் யூனிட்டின் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் "அப்பா என்னா பண்றாரு?" என்று கேட்டபோது அம்மா கண்ணிமைக்காமல் "செராமிக்ஸுங்க" என்றார். கல்யாணம் முடிந்து சம்பந்தியம்மா ஆசையாக, "உங்க கம்பெனி டீ கப்பு ஒரு செட்டு குடுங்களேன்" என்று கேட்க, அம்மா கடலூர் வரை போய் ஒரு செட் வாங்கி, கடை ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தார். அக்கா வீட்டில் இன்றும் விருந்தாளிகளுக்கு அதில்தான் டீ.

அந்த வளர்ப்போடுதான் முதல் தடவை இங்குள்ள ஒரு பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தேன். வீடியோவில் நேர்காணல். வெள்ளி முடிக்காரப் பேராசிரியை ஒருவர், குடும்பத் தொழில் என்ன என்று கேட்டார். "செராமிக்ஸ்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என்ன செய்கிறீர்கள்? கோப்பைகள். மக்கள் எப்போது பயன்படுத்துவார்கள்? பெரும்பாலும் காலையில். "அடடா, காலைச் சடங்கா? தியானம் போலவா?" கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன், உட்கார்ந்துதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடி ரசித்தார். சில வாரங்களில் பதில் வந்தது. என் கலை உள்ளத்தை மிகவும் மதிப்பதாகவும், ஆனால் வணிகப் படிப்பு அதற்கு ஏற்றதல்ல என்றும் எழுதி, கீழே ஓர் ஓவியக் கல்லூரியின் முகவரியையும் கொடுத்திருந்தார்கள்.

இது எனக்கும் அவர்களுக்கும் இடையிலேயே முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பா அதற்குள் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ‘மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் எங்கள் வீட்டுத் தங்கமே’ என்ற வரிக்குக் கீழே, காற்றாலைக்கு முன்னால் பட்டமளிப்பு அங்கியில் நான். என்னைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி சித்தப்பா. எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நல்ல காரியத்துக்கு வெச்சத நாமளே கழட்டுனா வெளங்குமா பாப்பா? மழ வந்தா தானா கிழியும்" என்றார். அந்த வருடம் பார்த்து மழை பொய்த்தது. ஆட்டோவில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "நீங்க வெளிநாட்டுல இல்ல இருக்கீங்க?" என்பார். பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னால், "எப்பம்மா வந்தே?" என்று குருக்கள் கேட்பார். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "விசா ப்ராசஸ்ல இருக்குது."

ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த பிசினஸ் ஸ்கூலுக்கே போன் செய்தேன், யூனிட்டின் ஆபீஸ் அறையிலிருந்து. அப்பா எதிரே கூரியர் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பேசியவர் இனிமையானவர். உங்கள் மண்பாண்டக் கலையை விட்டுவிடாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். குறுக்கே பேச இடம் கிடைக்காமல், "சார், இட் இஸ் டாய்லெட்!" என்று கத்திவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓ, ப்ளீஸ் கோ. ஐ வில் வெயிட்."

நான் போகவேண்டியதில்லை, நாங்கள் செய்வதே அதுதான் என்று விளக்கியபோது மறுமுனையில் சிரிப்பு கேட்டது, கேலியான சிரிப்பல்ல. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள், இதையே சொல்லுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் தலை நிமிராமலே கேட்டார். "போன தடவ என்னான்னு சொன்ன?"

"கோப்பைன்னேன்ப்பா."

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு வெளியே போய் வெகுநேரம் சிரித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புண்பட்டிருப்பார் என்று பயந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறு வருடம் நேர்காணலுக்கு வந்தவர் அதே பேராசிரியை. "ஓ, குயவர் பெண்!" என்றார். நான் சைகை காட்ட, அப்பாவும் நானுமாக ஒரு புது பேசினைத் தூக்கி கேமரா முன் நிறுத்தினோம். திரை முழுக்க வெள்ளைப் பீங்கான். பிறகு, "இதுவா அந்தத் தியானம்?" என்ற குரல் மட்டும் வந்தது. அப்பா பக்கவாட்டில் தலையை நீட்டி, "குட் மார்னிங் மேடம்" என்று மத்தியானத்தில் வணக்கம் சொல்லி, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று விரலால் காட்டத் தொடங்கினார். "அப்பா, போதும்ப்பா" என்றேன். போன வருடம் ஏன் சொல்லவில்லை என்று பேராசிரியை கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். வாங்குகிறவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, விற்கிற நாங்களும் சொல்வதில்லை. குந்தி உட்கார முடியாத முழங்கால் வலிக்காரர்கள் வடக்கிலிருந்து வரும், நாற்காலி போல உயரமான க்ளோசெட்டுக்கு மாறிவிட்டார்கள். எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு எதுவும் கேட்காமலே போய்விட்டார்கள். யாரும் பேசாத ஒரு பொருளை எப்படிப் பேசி விற்பது என்று படிக்க வேண்டும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

இடம் கிடைத்தது. சித்தப்பா புது ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. வெயிலில் என் முகம் வெளுத்துப் போயிருந்த பழையதன் மேலேயே ஒரு பட்டை ஒட்டினார்: ‘இம்முறை உறுதியாக’.

வந்து சேர்ந்த முதல் பருவத்தில் ஒரு தொழிலைக் குழுவாக ஆராயச் சொன்னார்கள். ஒரு டச்சுப் பையன், ஒரு பிரேசில் பெண், ஒரு சீனர், நான். மூவரும் ஆசையாக அப்பாவின் யூனிட்டையே கேட்டார்கள். பழைய பேசினைக் குறைத்து, வயதானவர்களுக்கான உயரமான க்ளோசெட்டுக்கு மாறலாம் என்று முடிவு செய்து, நான்தான் மேடையில் சொன்னேன். "வீ ரெகமெண்ட்" என்று தொடங்கியபோது நாக்கு எங்கும் தடுக்கவில்லை. கைதட்டினார்கள். மதிய இடைவேளையில் அப்பா கூப்பிட்டார்.

"என்னாம்மா சொன்னாங்க?"

"நாங்க என்ன முடிவு பண்ணோம்னாப்பா, நீங்க பழைய பேசின் போடறத கொறைச்சிடணும்."

"நீங்கன்னா? யூனிட்டு உன்னுது இல்லியா?"

"நாம கொறைச்சிடணும்" என்று திருத்தினேன்.

"சரி. முடிவு பண்ணது யாரு? நாமளா?"

இல்லை, அது நாங்கள். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆங்கிலத்தின் ‘வீ’ என்ற ஒரே சொல்லுக்குள் அப்பாவும் நானும் அந்த மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டிருந்தோம். தமிழில் யாராவது ஒருவர் எழுந்து வெளியே நிற்க வேண்டியிருந்தது.

"யோசிச்சு சொல்லு. லாரி வந்துருக்குது, போயிட்டு வரேன்" என்றவர் போனை அணைக்க மறந்துவிட்டார். ஒரு காதில், வைக்கோலுக்கு நடுவே பேசின்கள் உரசி அடுக்கப்படும் சத்தம்; "பாத்து ஏத்துங்கப்பா, நம்ம சரக்கு" என்று அப்பாவின் குரல். மறு காதில் டிராம் மணி, கல்லூரி வாசலில் நின்று மூவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், "வீ ஆர் லேட்!" என்று. வருகிறேன் என்று கை காட்டினேன். போனை நானும் அணைக்கவில்லை.