மல்லாட்டைக் களத்தில் ஒரு படகு

மாமா வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வருஷம் எங்கள் வீட்டில் படகைத் தவிர வேறு பேச்சு இல்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், ஆற்றில் வருஷத்துக்குப் பத்து மாதம் மணல் மட்டுமே கிடக்கிற ஊர் எங்களுடையது. அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் படகு பேசினோம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போனபின் அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வெளிநாட்டில் அவருக்குப் பணக்காரர்களின் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஜீப்பில் மாட்டிக் கடலுக்கு இழுத்துப் போவதும், சாயங்காலம் திரும்ப இழுத்து வந்து கழுவி நிறுத்துவதும். அதையே இங்கே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சின்ன அறை வைத்த படகு ஒன்று பழையதாகக் கிடைத்தால் போதும். அதைச் சக்கரத்தில் ஏற்றி ஜீப்பில் இழுத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் வீடூர் அணைக்கும் கழுவேலி ஏரிக்கும் போகலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வசதியான குடும்பங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம்.

"இது அமைஞ்சிதுன்னா நான் திரும்பிப் போவ மாட்டன்க்கா" என்றார் அம்மாவிடம்.

படகையே பார்த்திராத அம்மா அன்றிலிருந்து படகு கிடைக்க வேண்டும் என்று சாமி கும்பிட ஆரம்பித்தாள்.

கோட்டக்குப்பத்தில் ஒன்று பார்த்தார்கள். அடிப்பலகை ஊறிப்போயிருந்தது. மரக்காணத்தில் ஒன்று. படகு நன்றாக இருந்தது, ஆனால் அதைத் தாங்கிய வண்டியின் இரும்பை உப்புத் தண்ணீர் தின்றிருந்தது. இழுத்தால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும் என்றார் மாமா. மூன்றாவது திண்டிவனத்துக்கு வெளியே ஒரு வீட்டுப் பின்பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அம்மா, அப்பா, மாமாவோடு நானும் போனேன். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கிற களம். சித்திரை வெயிலில் சிமெண்ட் தரை கொதித்தது. களத்தின் நடுவே, இரண்டு சக்கர வண்டிமேல், வெள்ளையாக அந்தப் படகு நின்றது. அதைச் சுற்றி மல்லாட்டையைப் பரப்பியிருந்தார்கள். படகின் அடியில் மட்டும் ஒரு காய்கூட இல்லை. அந்த இடத்துத் தரை ஈரமாக இருந்தது. யாரோ கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்ற அவசரம் அவரிடம் தெரிந்தது. எத்தனையோ பேர் வந்து பார்த்தார்களாம், தன் சம்சாரம்தான் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறாள் என்றார். காரணம் சொல்லவில்லை. அந்த அம்மாள் பின்கதவு நிலையில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா ஒரு காசை எடுத்துப் படகின் உடம்பெல்லாம் தட்டிக் காது வைத்துக் கேட்டார். வெளி ஓடு உள்ளுக்குள் பிரிந்திருந்தால் சத்தம் மாறுமாம். சக்கரத்தைக் கையால் சுற்றினார், இரும்பைச் சுரண்டிப் பார்த்தார். அப்பாவுக்குப் படகு தெரியாது, மாடு தெரியும். ஆகவே அவரும் ஒருமுறை சுற்றிவந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அமைதியான ஜாதி என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு ஆண்கள் மூன்று பேரும், படகை இழுக்க ஜீப்பு வந்தால் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்க ரோட்டுப் பக்கம் போனார்கள். அம்மா வேலி ஓரம் நிழலில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தாகமாக இருந்தது. யாரிடமும் எதையும் கேட்க எனக்கு வாய் வராது, இன்றைக்கும் அப்படித்தான். அந்த அம்மாளிடம் தண்ணீர் கேட்பதைவிட வெயிலில் காய்வது சுலபம். அம்மாவிடம் சொன்னால் அவள் கேட்பாள், கேட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அதனால் நிழலுக்காகப் படகில் ஏறி அந்தச் சின்ன அறைக்குள் போனேன்.

உள்ளே குளிர்ந்தது. ஏரிச் சேற்று வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வந்தன. பலகைமேல் மடித்து வைத்த புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம். பக்கத்தில் கழுத்தில் பூச்சுற்றிய செம்பு, அது நிறையத் தண்ணீர். இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன். அந்த வெயிலில் அது எப்படி அவ்வளவு சில்லென்று இருந்தது என்று தெரியவில்லை. நிறுத்த முடியவில்லை. செம்பு காலியானது.

அப்போது படகு மெல்ல ஆடியது. யாரோ ஏறி வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆட்டம் நிற்கவும் இல்லை. பயமாக இல்லை, தூக்கம் வருவதுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றாள். என்னையும் செம்பையும் பார்த்தாள்.

"எல்லாத்தையும் குடிச்சிட்டியா?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, முகவாயைப் பிடித்து, என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. பிறகு செம்பின் பூவை அவிழ்த்து என் தலையில் வைத்தாள். எடுக்கச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், திரும்பி வந்துகொண்டிருந்த புருஷனிடம், "குடுத்துடுங்க" என்றாள். "அவுங்க எவ்ளோ குடுத்தாலும் சரி. இந்தப் புள்ள மட்டும் வாரா வாரம் இதுல வரணும். ஏரிக்குப் போறப்ப நானும் கூட வருவேன். அவ்ளோதான்."

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "மாப்ள, நீ ராசிக்காரன்டா. ஒன்ன முன்னாடியே இட்டாந்திருக்கணும்" என்றார். அப்பாகூடச் சிரித்தார். அம்மா மட்டும் என் தலையில் இருந்த பூவையே பார்த்தாள். அந்தப் பூ எங்கே இருந்தது என்று கேட்டாள். செம்பில் என்றேன்.

எங்கள் பக்கத்தில், வீட்டுப் பெண் ஒருத்தி இறந்துவிட்டால் அவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். பம்பை அடித்துப் பாட, தண்ணீரிலிருந்து அவளைச் செம்பில் அழைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அம்மாவுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் தானாகவே சொன்னாள். அவளுடைய ஒரே மகள், என் வயதுதானாம். ஞாயிற்றுக்கிழமை இந்தப் படகில் போனபோது கழுவேலியில் விழுந்தவள். கரையில் நின்று அழைத்தபோது, வீட்டுக்கு வரமாட்டேன், என் படகுக்குத்தான் வருவேன் என்று சாமியாடியின் வாயில் சொன்னாளாம்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா என்னை மாமாவின் தோளிலிருந்து இறக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில், மெதுவாகச் சொன்னாள்:

"ஒங்க புள்ளைய நான் கேக்கலம்மா. அவன் உள்ள இருக்கறவள வாரத்துல ஒரு தபா பாத்துக்கினா போதும்."

அம்மா என் தலையிலிருந்த பூவை எடுத்துப் படகின் விளிம்பில் வைத்தாள். கும்பிட்டாள். பிறகு யாருக்காகவும் நிற்காமல் என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் மாமா வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். புள்ளையப் பறிகொடுத்தவ ஏதோ பேசறா, அதுக்குப் பயந்தா முடியுமா, எந்த வண்டியிலதான் சாவு நடக்கல என்றார். கடைசியில், "ஒரு சொம்புத் தண்ணிக்காவ என்ன மறுபடியும் அனுப்புறியாக்கா?" என்று கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு படகு பார்க்கச் சொன்னாள். அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை. லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவர் என்னை மாப்ள என்று கூப்பிடாமலே ஏறினார். பிறகு தன் கல்யாணத்துக்கு ஒருமுறை வந்தார், போனார். அங்கேயேதான் இருந்தார்.

நான் தண்ணீர் குடித்ததால் மாமா போய்விட்டார் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்மேல் கோபம் என்றும் நினைத்தேன். ஏனென்றால் அந்த நாளுக்குப் பிறகு நான் வீட்டில் எப்போது தண்ணீர் குடித்தாலும், எங்கேயோ வேலையாக இருக்கிறவள் பின்னால் வந்து நின்று, என் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவாள். "இன்னாம்மா" என்றால், "ஒன்னுமில்ல, குடி" என்பாள்.

குடிக்கிற பிள்ளையை இப்படிக் கூப்பிடுகிறாளே என்று எனக்குச் சலிப்பாக வரும். சில நேரம் வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்; விழுங்கிவிட்டுப் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் ஏன் அவள் முகம் அப்படி வெளுத்துப்போகிறது, பதில் என் குரலில் வந்தபிறகே ஏன் தெளிகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.