ஒரு படகுக்கு ஒரு அட்டை மாத்திரை

இருமல் இருக்கிறவரை கடவுளாகவும், இருமல் நின்ற மறுநாளே கந்துவட்டிக்காரியாகவும் தெரிகிற வேலை எங்களுடையது. வட சென்னையில் காசநோய்க்காரர்களின் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிறேன். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டாலோ அளவு குறைந்தாலோ கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கொண்டு முன்னைவிட வலுவாக எழுந்து வரும். தடுப்பூசிக்கோ கொசுப்புழுவுக்கோ கதவு தட்டி, திட்டு வாங்கித் திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே மனிதரைப் பற்றி. பெயர் முருகேசன். விசைப்படகில் வலை இழுக்கிறவர். ராயபுரத்தில் கடலோரச் சந்து ஒன்றில் வீடு. மனைவி கஸ்தூரி, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் தேனு.

கணக்கு டீச்சர்

முதல் நாள் போனபோது, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கஸ்தூரி தன் கையாலேயே கழற்றி என் பைக்குள் போட்டாள். விஷயம் தெரிந்தால் குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்க மாட்டார்கள். தேனுவோடு விளையாடப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அதனால் நான் டியூஷன் எடுக்க வருகிறவள் என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பொய்யென்றாலும் அதை நடத்திக் காட்ட வேண்டுமே. முருகேசன் உள்ளே மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து தேனுவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன்.

கொஞ்ச நாளில் எதிர்வீட்டம்மா தன் பையனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா டீச்சரே, இவுங்க வூட்டுக்கு மட்டும் தெனம் வந்துகினு கீற? எங்க வூட்ல கீறது புள்ள இல்லியா? இதுக்கும் ரெண்டு கணக்கு சொல்லிக் குடு, மாடு மாரி வளந்துகினு போவுது!"

ஐஸில் வந்த சளி

முதல் மாதம் முருகேசன் வீட்டிலேயே இருந்தார். அதற்கு மேல் உலை ஏற வழியில்லை. படகு போனால் கரை திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். போகிற நாட்களுக்கு வேண்டிய மாத்திரை அட்டைகளை ஈரம் படாமல் கவரில் கட்டிக் கொடுத்தேன். கூடப் படுக்கிறவர்களுக்கும் ஒட்டக்கூடிய நோய், வாயை மூடிக்கொண்டு இருமுங்கள் என்றும் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

இரண்டாம் மாத முடிவில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வருகிற சளி வேண்டும் என்று ஒரு டப்பா கொடுத்திருந்தேன். மனிதர் அதை நடுக்கடலிலேயே பிடித்து, கவர்மேல் கவர் சுற்றி, மீனுக்குப் போடுகிற ஐஸில் புதைத்து, கரை வந்ததும் நேராக லேபுக்கே எடுத்து வந்துவிட்டார். கெட்டுப்போகக் கூடாதாம். பல நாள் பழையது, எதற்கும் உதவாது. ஆனால் இவ்வளவு அக்கறையான நோயாளியை எங்கே போய்த் தேடுவது? லேபில் வேலை பார்க்கும் ரமணி டப்பாவைத் தூர வைத்தே பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல இவ்ளோ ஜில்லுன்னு ஒரு சாம்பிள் வந்ததில்லக்கா. சங்கரா மீன் வாசனை அடிக்குது, வேற எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

சிவப்பு

வேறு எடுத்ததில் கிருமி அப்படியே இருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அப்படி இருக்கக் கூடாது. கேட்டால் காலி அட்டைகளை விரித்துக் காட்டினார். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

அடுத்த முறை படகு கிளம்பும் முன் மாத்திரையோடு காசிமேடு துறைமுகத்துக்கே போனேன். அந்தப் படகின் டிரைவர் என்னை வழிமறித்தார். "நீதானே மாத்திரக்காரம்மா? எங்க அல்லாருக்கும் ஒன்னுக்கு செவப்பா போவுதே, இன்னா அது?" இந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகத்தான் போகும். சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் போகும்.

நடந்தது இதுதான். படகில் சோறு ஒரே சட்டி. பீடி ஒரே கட்டு. யார் எதைப் பிரித்தாலும் எல்லாருக்கும் பங்கு. கூடப் படுக்கிறவர்களுக்கும் ஒட்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, முருகேசன் தினமும் தன் மாத்திரைகளைப் படகு முழுக்கப் பங்கு போட்டிருக்கிறார். அவருக்கு வந்தது சில நாள் ஒன்று, சில நாள் பாதி. நான் தலையில் கைவைத்து நின்றதைப் பார்த்து, டிரைவர் சமாதானம் சொன்னார்.

"நீ நல்லாத்தான் குடுத்தனுப்புற, கொற சொல்லல. கடைசில வந்து கைய நீட்டுறவனுக்குப் பத்த மாட்டுது, இந்த வாட்டி அல்லாருக்கும் சேத்துக் குடு."

சோறும் மாத்திரையும்

அந்த மருந்துகளை மீறிப் போய்விட்டது கிருமி. இனி வேறு மருந்து. இன்னும் கடுமையானது, இன்னும் நீண்டது. வயிற்றைப் புரட்டும், கால் எரியும். முருகேசனின் காலர் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. படகு ஆட்களைப் பரிசோதனைக்கு அழைத்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒருவரும் வரவில்லை. தேனுவையாவது அழைத்து வா என்றேன். கஸ்தூரி வாசலுக்கு வெளியே சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்றாள்.

முருகேசனை எதிரில் உட்காரவைத்து, இதையாவது நீங்கள் ஒருவரே சாப்பிட வேண்டும் என்று சத்தியம் கேட்டேன். திருடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

"பத்து பேரு பாக்கச் சொல்ல நா மட்டும் எப்டிக்கா முழுங்குறது? அப்டித் துன்னா சோறே எறங்காது, மாத்திரை எப்டி எறங்கும்?"

அப்பா வைத்துவிட்டுப் போனது

போன வாரம் போனபோது முருகேசன் வீட்டில் இல்லை. இருமலோடு இவரை எந்தப் படகு ஏற்றிக்கொண்டது என்று கஸ்தூரிக்கே தெரியவில்லை. போனும் போகவில்லை. புது மருந்து முழுவதும் அலமாரியில் அப்படியே இருந்தது, ஓர் அட்டையைத் தவிர. தேனு பாயில் சுருண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாந்தி. பெரியவர்கள் போடுகிற மாத்திரையை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்திருந்தாள் கஸ்தூரி. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். உடம்பு கொதித்தது. அழுதுகொண்டே பின்னால் வந்த கஸ்தூரி என் தோளைப் பிடித்தாள்.

"போட்டுக்கு எட்துகினு போனா அல்லாருக்கும் பங்கு போடணும், வூட்லயே வச்சா பாப்பாவுக்கு முழுசா கெடைக்கும்னு சொல்ட்டுப் போனாருக்கா. அவரு பங்கையும் சேத்து அவளுக்கே குடுத்துரச் சொன்னாரு."

விடாமல் சாப்பிட வேண்டும் என்பதை இந்தக் கரைக்கு எப்படியோ சொல்லிக்கொடுத்துவிட்டோம், தனியாகச் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எங்கள் துறையில் இன்னும் யாருக்கும் பயிற்சி இல்லை.