சுத்திக்குருவிகள் செத்த குளம்

2006 ஜூன் மாதம் நான் அபுதாபியின் மேற்குக் கடற்கரைக்கு வேலைக்கு வந்தேன். பிரசவம் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. தூத்துக்குடியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்தேனா, கேட்கத் தோன்றவில்லையா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே எழுதிப்போட்டு மறந்திருந்த வேலை அது. மே மாதம் விசா வந்தது. நான் போகமாட்டேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரால் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. யோசித்துச் சொல்லு என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். உண்மையில் நான் எதையும் யோசிக்கவில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகச் சொன்னால் போகலாம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

ருவைஸ் என்ற ஊரில் இரண்டு மலையாளி நர்ஸுகளோடு ஒரு ஃபிளாட்டில் தங்கினேன். தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு சின்ன லேபில் வேலை. வாரத்தில் மூன்று நாள் காரில் போய் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வரவேண்டும். மற்ற நாட்களில் அதைச் சோதித்து எண்களை எழுதவேண்டும். காரை ஓட்டியவர் காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற வழக்கப்படி அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். ஊரில் எனக்கு என்ன நடந்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வந்த முதல் வாரம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன். அல்லா தருவான் என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார்.

நாங்கள் போகிற இடங்களில் ஒன்று, முக்கால் மணி நேர தூரத்தில் கடலோரமாக இருந்த ஒரு குளம். குளம் என்று சொல்கிறேனே தவிர, அது கரை கட்டி, அடியில் கறுப்பு ஷீட் விரித்த தொட்டிதான். பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கம்பெனி தன் கழிவுத் தண்ணீரை அதில் விட்டு வெயிலில் காயவைத்தது. உப்பு மிகுந்த தண்ணீர். கொசுவை விடச் சிறிய உப்பு ஈக்கள் அதன் ஓரங்களில் கறுப்பாகப் படிந்திருக்கும். சுற்றிலும் மரம் கிடையாது. காரின் கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். ஆகஸ்டில் அந்தக் கரை அப்படித்தான்.

ஜூலைக் கடைசியில் அங்கே பறவைகள் வந்தன.

முதலில் பார்த்தவர் காக்காதான். ஊர்க்குருவியை விடக் கொஞ்சம் பெரிய, சாம்பலும் வெள்ளையுமான பறவைகள். கண்ணுக்குப் பின்னால் மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. அலகு ஊசி மாதிரி. அவை தண்ணீரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே தன்னைத்தானே சுற்றின. பம்பரம் போல விடாமல் சுற்றின. சுற்றும்போதே அலகால் எதையோ கொத்தின. காக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு அவரே அதற்குச் சுத்திக்குருவி என்று பெயர் வைத்தார்.

பறவைகள் வருவதால் அந்தக் கம்பெனி ஒருவரை நியமித்து அவற்றைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அனுமதியில் ஒரு நிபந்தனை. அதற்காக அபுதாபி நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மேடம் வருவார். நார்வேயின் வடகோடியில் ஒரு ஊர்க்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குட்டை முடி, வெயிலில் சிவந்த கழுத்து, ஆண்கள் போடுகிற சட்டை. வாரம் தவறாமல் நான் அங்கே போகிறேன் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பைனாகுலரும் நோட்டும் தந்து எண்ணக் கற்றுக்கொடுத்தார். எண்ணுவது எனக்குப் பிடித்துப்போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணும்போது வேறு எதுவும் தலைக்குள் வராது.

பறவையின் பெயர் ஃபலரோப் என்றார் மேடம். அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில், மரமே வளராத சதுப்பு நிலத்தில்தான் அது கூடு கட்டுமாம். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. பனி உருகித் தேங்கிய சின்னச் சின்னக் குட்டைகள் எங்கும் கிடக்கும். அவற்றில் கொசுப்புழு நிரம்பியிருக்கும். ஒன்றரை மாதத்துக்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்கவைத்தாக வேண்டும். அதன்பிறகு அரபிக்கடலுக்கு வந்துவிடும். குளிர்காலம் முழுக்கக் கடலிலேயே மிதந்து கிடக்கும், கரைக்கே வராது. இந்த மாதிரிக் குளங்கள் அதற்கு வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. சுற்றுவது கிறுக்கு இல்லை. சுற்றினால் தண்ணீர் கீழிருந்து மேலே இழுபடும். அடியில் கிடக்கிற பூச்சியும் கூனிப்பொடியும் அதோடு மேலே வரும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், பெண்ணைப் பற்றியும் சொன்னார். இந்த இனத்தில் பெண்தான் பெரியது, நிறம் கூடியது. பெண் பறவைகள்தான் ஆணுக்காகச் சண்டை போடும். நான்கு முட்டை இட்டு முடித்ததும் பெண் கிளம்பிவிடும். அடைகாப்பது ஆண். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவதும் ஆண். முதலில் தெற்கே வந்து சேருகிறவை பெண்கள். ஆண்கள் பிறகு வரும். குஞ்சுகள் எல்லோருக்கும் கடைசியில், யாரும் வழி காட்டாமல் வரும்.

நான் காக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, “நல்ல மாப்பிள்ளையாப் பாத்து முடிச்சிருக்கு தங்கச்சி” என்றார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நோட்டில் அன்றைய எண்ணிக்கையை எழுதினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஊரிலிருந்து என் கணவர் பேசுவார். சாப்பிட்டாயா, தையல் போட்ட இடம் வலிக்கிறதா, ரூமில் ஏசி வேலை செய்கிறதா. நானும் பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொல்வார். ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவருக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மறந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அதற்காகக் கோபப்படவும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை; அது முடிந்து முதல் நாள். குளத்தின் கரையில் ஏறியதும் காக்கா நின்றுவிட்டார். தண்ணீரில் பறவைகள் சுற்றவில்லை. பாதி மூழ்கி, ஈரத்துணி மாதிரி மிதந்தன. காற்று அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தது. சில உயிரோடு கரை ஓரத்துக்கு வந்து நின்றிருந்தன. உடம்பு முழுக்க நனைந்து, இறகு ஒட்டி, எலிக்குஞ்சு போல இருந்தன. நீரில் வாழ்கிற பறவை நனைந்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கம்பெனியின் ஃபோர்மேன் ஓடி வந்தார். பெஷாவர்க்காரர். லீவு நாட்களில் டேங்குகளைக் கழுவினோம், அந்தத் தண்ணீரைக் குளத்தில் விட்டோம் என்று ஹிந்தியில் சொன்னார். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை, சத்தியமாக இல்லை என்றார். “சிர்ஃப் சாபுன் பாய், சிர்ஃப் சாபுன்.” வெறும் சோப்பு. அவர் பொய் சொல்லவில்லை. நான் பிடித்துவந்த தண்ணீரிலும் எண்ணெய் இல்லை, சோப்புதான் இருந்தது. ஆனால் அதுவே போதுமாக இருந்தது. பறவையின் இறகில் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணமான எண்ணெயைச் சோப்பு எடுத்துவிடும், இறகுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிடும் என்று மேடம் பிறகு விளக்கினார். முப்பது கிராம் எடையுள்ள பறவை. தண்ணீர் ஏறினால் அவ்வளவுதான்.

மேடத்துக்குப் போன் செய்தேன். வந்து சேர அவருக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அதற்குள் செய்யவேண்டியதைச் சொன்னார். காக்காவும் ஃபோர்மேனும் நானும் நீளக் கம்பில் கட்டிய வலையால் செத்ததை எல்லாம் அள்ளினோம். உயிரோடு இருந்தவற்றை ஒரு தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தோம். அட்டைப்பெட்டி கையில் கனக்கவே இல்லை. உள்ளே கால்கள் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. லேபில் நல்ல தண்ணீரில் அவற்றை ஒவ்வொன்றாக அலசினேன். சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிட்டன. நான்கு பிழைத்தன. எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்து மேஜையில் வேலை செய்தவர் என்னைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு நல்ல தைரியம் என்றார்.

அடுத்த நாள் மேடமும் நானும் செத்த பறவைகளை அளந்தோம். இறக்கை நீளம், அலகு நீளம், எடை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கால் விரல்களின் ஓரத்தில் துடுப்பு மாதிரி சின்ன மடிப்புகள் இருப்பதைக் காட்டினார். பிறகு ஒரு பறவையைக் கையில் மல்லாக்கப் பிடித்து, வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கினார். என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

அங்கே தோல் வெறுமையாக, தளர்ந்து இருந்தது. நடுவில் புது இறகுகளின் குருத்துகள் முளைக்க ஆரம்பித்திருந்தன.

“இது ஆண்,” என்றார். “முட்டைக்குச் சூடு போகவேண்டும் என்று வயிற்று இறகு கொட்டிவிடும். பெண்ணுக்கு இது வராது. ஒரு மாதத்துக்கு முன்னால் இவன் முட்டை மேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் முழுசாக மூடவில்லை.”

நான் கேட்டேன், பெண்ணுக்குத் தெரியுமா என்று.

“எது?”

“குஞ்சு என்ன ஆச்சு என்று.”

மேடம் இல்லை என்று தலையாட்டினார். தெரியாது, தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை, அது அதற்குள் கடலுக்கு வந்துவிட்டிருக்கும் என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. பறவையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பறவையைப் பற்றிப் பதில் சொன்னார். பிறகு பறவையைப் பையில் போட்டு அடுத்ததை எடுத்தார். அன்று மதியம் நான் சாப்பிட்டேன். தயிர்சாதம், ஊறுகாய். அதுகூட நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அவர் போன் செய்தார். சாப்பாடு, ஏசி, ஹெட்மாஸ்டர். பேச்சு தீர்ந்து வைக்கப்போகிற நேரத்தில் நான் கேட்டேன்.

“பிள்ளைய எங்கன வச்சீங்க?”

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேன்,” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிக் கொடுத்தார்களாம். என் தம்பி ஆட்டோ பிடித்தானாம். மடியில் வைத்துக்கொண்டே போனாராம். உப்பளத்தைத் தாண்டி இருக்கிற இடுகாட்டில், மேற்குச் சுவரை ஒட்டி. வெட்டியான் சாப்பிடப் போயிருந்தான். காத்திருக்க மனசு வரவில்லை. இவரே மண்வெட்டி எடுத்துத் தோண்டினார். தம்பி அழுதுகொண்டு வெளியிலேயே நின்றுவிட்டான்.

“நீ கேப்ப கேப்பன்னு இருந்தேன்,” என்றார். “கேக்கல. நானாச் சொன்னா உனக்கு என்னவும் ஆயிருமோன்னு சொல்லல.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“தலைல நெறைய முடி இருந்துச்சு,” என்றார். “கருகருன்னு.”

அது எனக்குத் தெரியாது. எட்டு மாதப் பிள்ளைக்கு முடி இருக்கும் என்றுகூட நான் எண்ணிப்பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மலையாளி நர்ஸ் ஒருத்தி வந்து, ஊரில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்பு மட்டும் வலித்தது. பால் கட்டியிருந்த நாட்களில் வலித்த அதே இடம். இப்போது அங்கே ஒன்றும் இல்லாமலே வலித்தது.

அந்தக் கம்பெனி கழுவும் தண்ணீரை வேறு தொட்டிக்குத் திருப்பியது. குளத்தின் மேல் கயிறு கட்டி, மின்னுகிற பிளாஸ்டிக் நாடாக்களைத் தொங்கவிட்டார்கள். பறவைகள் அதைப் பார்த்து இறங்காமல் போயின. நான் ஒவ்வொரு வாரமும் போய், நோட்டில் பூஜ்யம் எழுதினேன். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் கரைக்கு அப்பால் கடலில் சில தெரிந்தன. வடக்கே திரும்பிப் போகிறவை. அதற்குள் அவற்றின் கழுத்து செங்கல் நிறமாக மாறியிருந்தது. நிறம் கூடிய ஒன்றைக் காக்கா காட்டி, அதானே பொம்பள என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலையில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். நான்காம் நாள் அவர், போவோமா என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். இடுகாட்டின் சுவர் ஓரத்தில் முள்ளும் உமரிச்செடியும் அடர்ந்திருந்தன. அவர் ஒரு இடத்தில் நின்றார். பிறகு இரண்டடி தள்ளி நின்றார். திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தார்.

“ஒரு கல்லு வச்சிருந்தேன். ஆடு தட்டிருக்கும் போல.” அவர் முகம் சிறுத்துப்போனது. “இதுதான்னு நெனைக்கேன். அதுவா இருக்குமோ.”

எதுவானாலும் சரிதான் என்றேன். இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்றோம். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் முதுகை நான் தொட்டு எவ்வளவு நாளாகிறது என்று அப்போது தோன்றியது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. அவர் இரண்டு டீ சொன்னார். ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் சர்க்கரை காணாது, இன்னும் கொஞ்சம் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து போய் வாங்கி வந்தார்.