இடுப்பு விழுந்தால் ஹோன் அடிக்கவும்

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வேகமாகப் போவது பெரிய காரியமில்லை. மெதுவாகப் போகச் சொன்னால்தான் அவன் சாயம் வெளுக்கும். முன்னால் நிற்கிற லொறி நகராவிட்டால் உடம்பெல்லாம் நமைச்சல் எடுக்கிற என் இனத்து டிரைவர்மாரே, நான் பட்டதை நீங்களாவது கேளுங்கள்.

தலைகீழ் ஹயர்

ஆரணி நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். மச்சாளின் கல்யாணத்துக்காகக் கண்டியில் சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பிப் போனதும் அவளுக்குப் பனியில் ஒரு போட்டி. விடியலில் தொடங்கி நாள் முழுக்கச் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். கல்யாண வீட்டுப் பலகாரத்தைத் தின்றுகொண்டு சும்மா இருந்தால் உடம்பு மறந்துவிடுமாம். அதனால் காலில் மாட்டுகிற, சக்கரச் சில்லு பூட்டிய சறுக்குக் கட்டையும் இரண்டு நீளத் தடியும் கொண்டுவந்திருந்தாள்.

தெல்தெனியாவிலிருந்து ஹுன்னஸ்கிரிய வரைக்கும் ஏற்றம். அவள் முன்னால் தடியூன்றிச் சறுக்கி ஏறுவாள். பஸ்காரன் இடிக்காமல் நான் பின்னால் உருட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கட்டைக்கு பிரேக் கிடையாது. ஆகவே இறக்கத்தில் என் ஆட்டோவில் வருவாள். இதுதான் எனக்குக் கிடைத்த ஹயர், அதாவது சவாரி. ஆட்டோ தரிப்பிடத்தில் எனக்குப் பின்னால் நிற்கிற மடவளை நிஸ்தார் நானாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு பிளேன் டீ ஆறிப்போனது.

"ஏத்தத்துல ஆள இறக்கிட்டு, இறக்கத்துல ஏத்திட்டு வாற ஹயர இப்பதான்டா தம்பி கேள்விப்படுறேன்."

போன வருசம்

முதல் நாள் பாதையோரத்தில் நின்று எனக்குப் பாடம் நடத்தினாள். இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்ற வேண்டும். இடுப்பை முன்னால் உயர்த்தி, முழு உடம்பையும் தடிமேல் சாய்த்துத் தள்ள வேண்டும். களைத்துவிட்டால் இடுப்பு பின்னால் விழுந்துவிடும், கதிரையில் உட்காரப் போகிறவளைப் போல. பிறகு முதுகும் வயிறும் வேலை செய்யாது. கை மட்டும் இழுக்கும். கை எவ்வளவு நேரம் இழுக்கும்?

போன வருசம் அப்படித்தான் கை செத்து, முடிவுக்குக் கிட்டப் போய் விலகினாளாம். இந்த முறையும் முடிக்காவிட்டால் இதோடு விட்டுவிடு என்று அம்மா சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது தடியைத் தார் ரோட்டில் குத்திக்கொண்டே இருந்தாள். என்னைப் போலவே ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிறவி என்று அப்போதே பிடித்துப்போனது.

"களைச்சதில பிழையில்ல அண்ணை. விழுந்த இடுப்போட நல்லாத்தான் போறன் எண்டு நினைச்சுக்கொண்டு போனன், அதுதான் பிழை. விழுந்தா உடன ஒரு ஹோன் அடியுங்கோ."

வளைவுக்கு வளைவு

முதல் கியரில் ஊர்வது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இஞ்சின் கொதிக்கும், கால் துடிக்கும், பின்னால் வருகிறவனெல்லாம் நம் பரம்பரையை விசாரிப்பான். ஆனால் அவள் களைப்பதைக் காதாலேயே பிடித்துவிட்டேன். தெம்பாக இருக்கும்போது 'டக்' என்று ஒரு ஊன்றல், பிறகு நீளமாக ஒரு சறுக்கல். களைத்ததும் 'டக் டக் டக்'. கிளச் வழுக்குகிற வண்டியைப் போலச் சத்தம் கூடும், தூரம் குறையும். நிமிர்ந்து பார்த்தால் இடுப்பு விழுந்திருக்கும். ஹோன் அடித்தேன், நிமிர்ந்தாள். எனக்கு ஒரே பெருமை.

மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு ஹோன் அடிப்பதுதானே நம் வழக்கம்? மஹியங்கனை பஸ் அடித்தது, நிமிர்ந்தாள். மரக்கறி லொறி அடித்தது, இன்னும் நிமிர்ந்தாள். மோட்டார் சைக்கிள்காரனுக்கும் மரியாதை கிடைத்தது. நான் கத்தியது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. மேலே போய்ச் சேரும்போது குனிந்து தள்ளவே முடியாமல் கம்பம் மாதிரி நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"ஒவ்வொரு வளைவிலயும் அடிச்சியளே அண்ணை, நான் அவ்வளவு மோசமே?"

வாயால் சொன்னபோது

சரி, ஹோன் வேண்டாம், கிட்டப் போய் வாயாலேயே சொல்வோம் என்று முடிவெடுத்தோம். மறுநாள் தலையை வெளியே நீட்டி "இடுப்பு! இடுப்பு!" என்று கத்திக்கொண்டு போனேன். அவள் ஒழுங்காக நிமிர்ந்து வளைவைத் தாண்டிவிட்டாள். நான்தான் தாண்டவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஆட்டோவை மறித்துக்கொண்டார்கள். நோர்வே, பனி, போட்டி என்று நான் உளற உளற அவர்களுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. முன்னால் நின்ற அக்கா, இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கை அடிக்கிற மாதிரிக் கையில் சுருட்டினார்.

"ரோட்டுல போற புள்ளையப் பாத்து இடுப்பு இடுப்புன்னு கத்துறியே, ஒன் இடுப்ப ஒடைக்கவாடா?"

என் முறை

ஒரு மாலை. காலையிலிருந்து ஓய்வில்லாத ஹயர், அதற்குமேல் இந்த ஊர்வலம். இறக்கம் வந்ததும் கட்டவிழ்த்த கன்றாகப் பறந்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பின்னாலிருந்து ஆரணி, "அண்ணை, நிப்பாட்டுங்கோ, உங்கட இடுப்பு விழுந்திட்டுது" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கட்டையில் ஓடுகிறவள் எனக்கு ஓட்டச் சொல்லித்தருவதா? எனக்கு ஒன்றுமில்லை என்று கத்திக்கொண்டே அடுத்த வளைவை எடுத்தேன். எதிரே பஸ். என் முன் சில்லு வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எப்படி ஒடித்தேன் என்று தெரியவில்லை. ஓரத்தில் நிறுத்தியபோது பிரேக் கருகிய வாடை அடித்தது. மேலேயிருந்தே களைத்த கால் பிரேக்மேல் பாரமாகக் கிடந்து தேய்த்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. போன வருசம் களைச்சிட்டியோ எண்டு கேட்ட ஆக்களுக்கு நானும் எனக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனான்."

தரிப்பிடத்தில் பனி

அவள் போய்ச் சில வாரங்களில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது, அவள் அப்பா எடுத்தது. நிஸ்தார் நானாவும் நானும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். வெள்ளை வெளேரென்ற பனி. முடிவுக் கோட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன உருவம். 'டக் டக் டக்'. இடுப்பு விழுந்து, கை மட்டும் இழுக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை, "இடுப்பு!" என்று கத்தினேன். தரிப்பிடமே திரும்பிப் பார்த்தது. "அது நேத்தே ஓடி முடிஞ்ச ஓட்டம்டா" என்றார் நானா. ஆனால் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். அவள் நிமிர்ந்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி நிமிர்ந்தாள். அப்படியே கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தாள். வீடியோவுக்கு அடுத்ததாக அவள் பேசி அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருந்தது.

"முடிச்சிட்டன் அண்ணை! கடைசியில எல்லாம் பிழையாத்தான் போச்சுது, ஆனா பிழையெண்டு எனக்கே தெரிஞ்சுது."

இப்போதெல்லாம் மாலை ஹயரில் பின்னாலிருந்து யார் என்ன குறை சொன்னாலும், முதலில் என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சண்டைக்குப் போகிறேன்.